பெண்கள் ஃபுட்பால்: நம்ம ஊரில் யார் பார்க்கிறார்கள்?

ஒரு வாசகரின் கேள்வி, 6 ஜூலை 2025

நேற்று இந்தியப் பெண்கள் தாய்லாந்தை ஜெயித்ததிலிருந்து ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். பெண்கள் ஃபுட்பால் எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள். நான் திருநெல்வேலியில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். இங்கே ஆண்கள் ஆட்டத்துக்கே ஐம்பது பேர் நின்றால் பெரிது. பிறகு இதை யார் பார்க்கிறார்கள்? பொம்பளப் பிள்ளைகள் ஓடுகிறார்களே என்று பாவம் பார்த்துக் கைதட்டுவதை ரசனை என்று சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

நான் பார்த்தேன்.

பாளையங்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. ஜெர்சி அச்சடிப்பதும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கல்லாப்பெட்டி மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். 29-ஆம் நிமிஷம் சங்கீதா பாஸ்ஃபோர் ஒரு கோல். இடைவேளை முடிந்து வந்ததும் தாய்லாந்து சமன் செய்தது. 74-ஆம் நிமிஷம் மறுபடியும் சங்கீதா. தரவரிசையில் தாய்லாந்து 46, நாம் 70. ஆட்டம் நடந்தது அவர்களுடைய சியாங் மாய் நகரத்தில். அங்கே போய் 2-1.

கிரிக்கெட் பேட்டுக்குக் கிரிப் மாட்ட வந்த ஒருவர் கிரிப்பை மறந்து நின்றுவிட்டார். கடைசிப் பத்து நிமிஷம் என்னைவிட அவர்தான் அதிகம் பதறினார். "வெளிய அடி, வெளிய அடி" என்று கைபேசியைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவர் பாவம் பார்த்து நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்த்தார்.

இந்த வெற்றியால் அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்குப் போகிறோம். இந்தியாவுக்கு இதுதான் முதல் முறை.

கூட்டம் இல்லை என்று நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். என் கடையிலேயே கிரிக்கெட்டுக்கு அப்புறம் வாலிபால், அப்புறம் ஷட்டில், அதற்கும் அப்புறம்தான் ஃபுட்பால் சாமான். ஆனால் கூட்டம் இல்லை என்பதும் ஆசை இல்லை என்பதும் ஒன்றா? நாளைக்கு எழுதுகிறேன், கடை சாத்தி வந்து கண் சொக்குகிறது.

7 ஜூலை, காலை

நேற்று அவசரத்தில் 'முதல் முறை' என்று எழுதியது தப்பு. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்துப் போவதுதான் முதல் முறை.

இந்தியப் பெண்கள் ஆசியப் போட்டியில் இரண்டாம் இடமே வாங்கியிருக்கிறார்கள், அதுவும் இரண்டு தடவை. 1980-ல் நம் பக்கத்துக் கோழிக்கோட்டிலேயே நடந்தது. அப்புறம் 1983-ல் பாங்காக்கில். அந்த அணியில் ஆடிய சாந்தி மல்லிக்குக்கு 1983-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. கால்பந்தில் அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர். நான் அப்போது இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு படித்திருப்பேன். எங்கள் ஊரில் பந்து விளையாடாத ஆண் பிள்ளை கிடையாது. ஒருவர் வாயிலும் இந்தச் செய்தி வந்ததில்லை.

2022-ல் ஆசியக் கோப்பை இங்கேயே நடந்தபோது, போட்டியை நடத்துகிற நாடு என்பதால் நேராகவே இடம் கிடைத்தது. கொரோனா வந்து அணியில் ஆள் குறைந்து, பாதியில் விலக வேண்டியதாயிற்று. அந்த வலி தெரிந்தவர்களுக்குத்தான் சனிக்கிழமை ஜெயித்ததன் அருமை தெரியும்.

7 ஜூலை, மதியம்

ஆசை இருக்கிறதா என்று கேட்டேனே, என் கடைக்குள் தெரிவதைச் சொல்கிறேன்.

நான் கடை திறந்த காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் ஆடும் பூட் கேட்டு யாரும் வந்ததில்லை. ஐந்தாறு வருஷமாக வருகிறார்கள். வந்தால் அளவு இருக்காது. ஜலந்தரிலிருந்து வரும் சரக்கில் மொத்த வியாபாரி எங்களுக்குத் தள்ளுவது ஆறாம் நம்பரிலிருந்து பத்து வரை. பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு மூன்றோ நாலோதான் வேண்டும். பிள்ளைகள் ஆறாம் நம்பரை வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டு, முனையில் பஞ்சு அடைத்து ஓடுகிறார்கள். பூட்டுக்குள் கால் வழுக்கினால் திரும்பும்போது கணுக்கால் பிசகும், முட்டி வாங்கும். முட்டிக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். அதற்குக் காரணம் பல. பஞ்சு அடைத்த பூட் அதைக் குறைக்கப் போவதில்லை.

போன மாதம் ஒரு பிள்ளை பழைய பூட்டோடு வந்து, அடியில் இருக்கும் ஸ்டட் முள்ளை மட்டும் மாற்றித் தரச் சொன்னாள். உள்ளே கை விட்டேன். பஞ்சு கல்லாகக் கட்டியிருந்தது, பெருவிரல் படும் இடத்தில் காய்ந்த ரத்தம். "வலிக்கலையா பிள்ள?" என்றேன். "ஓடும்போது தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

இவள் ஆட வருவது யாருடைய பாவத்துக்காகவும் இல்லை.

9 ஜூலை

நேற்று ஆனித்தேர். டவுனில் வடம் பிடிக்க நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே உங்கள் கேள்வியைத்தான் யோசித்தேன். கூட்டம் தானாக வருமா? நெல்லையப்பர் தேருக்கு ரத வீதி இருக்கிறது. வீதியை அடைத்துவிட்டால் தேர் எங்கே ஓடும், கூட்டம் எங்கே நிற்கும்?

இங்கிலாந்தில் நடந்தது அதுதான். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது பெண்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். பிரஸ்டன் ஊரில் குண்டு செய்யும் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். இடம் இல்லாமல் வெளியே நின்றவர்கள் வேறு. வசூல் முழுக்க நன்கொடைக்கு. லில்லி பார் என்ற இடதுகால்காரப் பெண் அந்த அணியில் சேரும்போது வயசு பதினான்கோ பதினைந்தோதான். அவள் அடித்தால் ஆண் கோல்கீப்பருக்கும் கை நோகும் என்று பேச்சு இருந்தது.

ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது, ஊக்குவிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அதை அமல்படுத்திய விதத்தைக் கவனியுங்கள். 'பெண்கள் ஆடக் கூடாது' என்று அவர்கள் சட்டம் போடவில்லை. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். அவ்வளவுதான். மைதானம் போனால் காலரி போயிற்று, காலரி போனால் கூட்டம் போயிற்று. பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் ஆடித் தாக்குப்பிடித்தார்கள். தடையை எடுக்க ஐம்பது வருஷம் ஆனது.

பிரேசிலில் 1941-லிருந்து 1979 வரை தடை. மேற்கு ஜெர்மனியில் 1955-லிருந்து 1970 வரை. 2027 பெண்கள் உலகக் கோப்பை அதே பிரேசிலில்தான் நடக்கப் போகிறது.

பார்க்க ஆள் இல்லாததால் பெண்கள் ஆட்டம் நின்றுபோனது என்று யாராவது சொன்னால் அந்த 53,000 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

13 ஜூலை, ஞாயிறு

என் தங்கச்சியைப் பற்றி முதல் நாளே எழுத நினைத்தேன். கை வரவில்லை.

எங்கள் சொந்த ஊர் உவரிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே பிள்ளைகளுக்கு நடை வரும்போதே பந்தும் வந்துவிடும். கடல் உள்வாங்கிய நேரம் ஈர மணல் இறுகிக் கிடக்கும். இரண்டு பக்கமும் துடுப்பை நட்டால் கோல் போஸ்ட். வெறுங்கால்தான். தங்கச்சி என்னைவிட மூன்று வயசு சின்னவள். இடதுகால். ஓடி வருகிறவனைத் தன் பக்கம் வரவிட்டு, அவன் காலை நீட்டும் நேரம் பார்த்துப் பந்தை அவன் காலுக்கு இடையில் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போய் எடுப்பாள். ஆள் பிரிக்கும்போது முதலில் அவளைத்தான் கேட்பார்கள்.

1991-ல் அவள் சடங்கானாள். சடங்கு, தண்ணீர் ஊற்று எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழக்கம்போல வந்து நின்றாள். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லித்தான் அனுப்பியிருக்கவில்லை. நான் சொன்னேன். "நீ வீட்டுக்குப் போ. ஆளுக பாக்காவ."

யாரும் பார்க்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தாமார் தலையைக்கூடத் தூக்கவில்லை. என் கூட்டாளிகள் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத்தான் கூச்சம். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். செருகிய பாவாடையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை, கேட்கவும் இல்லை.

அதே 1991 நவம்பரில்தான் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்திருக்கிறது. அமெரிக்கா ஜெயித்தது. ஆட்டத்தை 90 நிமிஷம் வைக்காமல் 80 நிமிஷம்தான் வைத்தார்கள். பெண்களால் தாங்காது என்று நினைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ரொம்ப வருஷம் கழித்து. படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் தங்கச்சி கடைக்கு வந்தாள். நாற்பத்தாறு வயசு, மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் ஏணியில் ஏறி மேல் தட்டில் சரக்கு அடுக்கும்போது கை தவறி ஒரு பந்து விழுந்து, தரையில் குத்தி அவள் பக்கம் போனது. என் வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. சேலைக்கொசுவத்துக்குக் கீழே இடதுகால் மட்டும் முன்னால் வந்தது. எகிறிய பந்து பாதத்தின் உள்பக்கத்தில் பட்டு அப்படியே அமர்ந்தது. செருப்பு முனையால் உருட்டி ஏணிக்கு அடியில் விட்டாள்.

நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாம விளையாண்ட பந்து நனஞ்சு கனமா இருக்கும்லாண்ணே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

13 ஜூலை, சற்று நேரம் கழித்து

கீழே ஒருவர் 'அந்தக் காலம் அப்படி, விடுங்கள்' என்று எழுதியிருக்கிறார். ஆறுதலுக்குச் சொல்வது புரிகிறது. ஆனால் அன்றைக்கு அவளை அனுப்பியது காலம் இல்லை, நான்.

16 ஜூலை

அரைக்கால் சட்டை விஷயம். பெண் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஆடுவதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பெற்றோர் இதை ஒரு சண்டையாகவே இப்போது நினைப்பதில்லை. அரைக்கால் சட்டைக்குள் முழங்கால் தாண்டும் இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டுக்கொள்கிறார்கள், அதே நிறத்தில் கேட்டு வாங்குகிறார்கள். தலையை மூடிக்கொண்டு ஆடவும் விதி இடம் கொடுக்கிறது. ஃபிஃபா 2014-லேயே அனுமதித்துவிட்டது. துணி பிரச்சினை என்று பேசுபவர்கள் பெரும்பாலும் மகள் இல்லாதவர்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள். விரல் நுனியில் இலை வெட்டும் கத்தரியின் தழும்பு. மகள் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விலையைக் கேட்டதும் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார்கள், எத்தனை கட்டு சுற்றினால் இது வரும் என்று. அப்புறம் கேட்டார்கள்: "அண்ணாச்சி, இது ஆடுனா வேல கெடைக்குமா?"

கிடைக்கும் என்று சொன்னேன். தமிழ்நாட்டில் விளையாட்டுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். மாநில அணி 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து முதல் தடவையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து மறுபடியும். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையையே தூக்கியது. மணிப்பூர்ப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கோப்பையைப் பறிப்பது என்றால் சாதாரணமா? இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா மற்றதை விட்டுவிட்டு சப்-இன்ஸ்பெக்டரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். "போலீஸா!" என்று மகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூட்டை வாங்கிப் போனார்கள். நாலாம் நம்பர் இல்லை, ஐந்துதான் இருந்தது.

17 ஜூலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன், மனசு சரியில்லை. வேலை கிடைக்கும் என்று சொல்லித்தானே விற்றேன். ஆண் பிள்ளைக்கு பந்து வாங்க வரும் அப்பாக்கள் ஒருத்தர்கூட 'வேலை கிடைக்குமா' என்று கேட்டதில்லை. பையன் ஆசைப்படுகிறான், வாங்குகிறார்கள். பெண் பிள்ளையின் ஆசைக்கு மட்டும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. மாவட்ட அணி, மாநில அணி, விடுதி, வேலை என்று படி ஏறிக்கொண்டே இருந்தால்தான் ஆடலாம். சும்மா சந்தோஷத்துக்கு ஆடுகிற பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறாள்.

மறுபக்கமும் தோன்றுகிறது. அந்த அம்மாவுக்கு வேறு எந்தப் பதிலைச் சொல்லியிருந்தாலும் பூட் அலமாரியிலேயே இருந்திருக்கும், பிள்ளை வீட்டில் சுளகோடு உட்கார்ந்திருப்பாள். வேலை என்ற வாசல் வழியாகவாவது அவள் வெளியே வரட்டும்.

20 ஜூலை

நேற்று கடையை மகனிடம் விட்டுவிட்டு ஒரு மைதானத்துக்குப் போனேன். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. அங்கே சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சர் எனக்குப் பழக்கம். 'நம்ம பிள்ளைகள் ஆடுவதை வந்து பாருங்கண்ணே' என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு நேரம் இரண்டரையிலிருந்து நாலரை. ஜூலை வெயில், நிழல் என்று பேருக்கு ஒரு வேப்பமரம். பதினெட்டுப் பேர். ஒரு மணி நேரம் பாஸிங் மட்டும். முக்கோணமாக நின்று ஒரே தொடுதலில் கொடுத்து வாங்குகிறார்கள். பந்து தரையிலேயே போகிறது. நம்ம பயல்கள் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது.

நாலே கால் மணிக்கு முதல் பைக் வந்தது. ஓரக்கோட்டின் மேலேயே நிறுத்தினார்கள். அப்புறம் ஐந்தாறு பைக். பையன்கள் இறங்கிப் பூட் மாட்டிக்கொண்டு, கோலுக்குப் பின்னால் நின்று அடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் பந்து பிள்ளைகள் நடுவில் வந்து விழுந்தது, இரண்டு தடவை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள்: "டீச்சர், முடிச்சாச்சா?" டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. விசிலை ஊதி, கூம்புகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டார்கள்.

வெயில் இறங்கிக் காற்று வரத் தொடங்குகிற நேரம் அது. வாக்கிங் வருகிறவர்கள், வேலை முடிந்து வருகிறவர்கள், சுண்டல் வண்டி எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தன. நான் ஆறு மணி வரை நின்று எண்ணினேன், ஆண்கள் ஆட்டத்தை நாற்பது பேருக்கு மேல் பார்த்தார்கள். பிள்ளைகள் ஆடியதைப் பார்த்தது நானும் ஒரு நாயும்.

கேள்வி கேட்டவருக்கு இதுதான் என் பதில். நீங்கள் நாற்பது வருஷமாகப் பார்க்கவில்லை என்றால், பார்க்கிற நேரத்தில் அவர்களை நாம் அங்கே விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தில் அதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. இங்கே நாலே கால் மணி பைக் போதும்.

இன்னொன்று. கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருக்கும் ஆள் சனிக்கிழமை வருவதில்லையாம். அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் காலையிலிருந்து தண்ணீரே சரியாகக் குடிக்காமல் வருகிறார்கள். ஒருத்தியின் உதடு வெடித்திருந்தது. பாட்டிலை நீட்டினேன். ஒரு வாய் நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

22 ஜூலை

'பையன்களுக்கும் மைதானம் இல்லையே, இருக்கிற ஒன்றில் அவர்கள் என்ன செய்வார்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் என் கடையில் கடன் வைத்து வாங்குகிறவர்கள். ஒருவன் காலையில் பால் போடுகிறான், அவனுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது.

அதனால் 'பைக் போதும்' என்று எழுதியதில் கோபத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இருக்கிற நேரத்தைப் பங்கு போடச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் நாலரையிலிருந்து ஆறரை வரை பிள்ளைகளுக்கு. மற்ற ஐந்து நாள் பையன்களுக்கு. ஊரில் தண்ணீர்க்குழாய்க்கே முறை வைத்துப் பழகியவர்கள்தானே நாம்.

28 ஜூலை

நேற்று ராத்திரி பெண்கள் ஐரோப்பியக் கோப்பை இறுதி, சுவிட்சர்லாந்து பாசெல் நகரத்தில். ஒன்பதரைக்குத் தொடங்கி நடுராத்திரி தாண்டியது. இங்கிலாந்து, ஸ்பெயின், 1-1. பெனால்டியில் இங்கிலாந்து 3-1. கோல்கீப்பர் ஹேம்ப்டன் இரண்டைத் தடுத்தார். க்ளோயி கெல்லி ஒரு குதி குதித்து ஓடி வந்து அடித்தாரே, அந்தக் கடைசி அடியைப் பிள்ளைகள் இனி மைதானம் மைதானமாகச் செய்து பார்ப்பார்கள்.

மைத்துனர் மகன் கூட உட்கார்ந்து பார்த்தான். கல்லூரியில் ஆடுகிறவன். முதல் பத்து நிமிஷம் "வேகம் கம்மியா இருக்கு மாமா" என்றான். ஆமாம், கம்மிதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவு. பந்தும் அதே ஐந்தாம் நம்பர். மைதானமும் அதே நீளம். சராசரியாக அரை அடி குட்டையான ஆளுக்கும் அதே கோலைக் காக்கும் வேலை. இதை அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். இரண்டாம் பாதியில் "அந்த நாலு பேரும் எங்க நிக்காங்கன்னு பாருங்க, ஒருத்தரும் எடத்த விடல" என்று அவனே எனக்குக் காட்டத் தொடங்கிவிட்டான். வேகம் குறைவாக இருப்பதால் யார் எங்கே நிற்கிறார்கள், எதற்கு நகர்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பெண்கள் ஆட்டம் பார் என்று இனி கடைக்கு வரும் பையன்களிடமும் சொல்லப் போகிறேன்.

அந்த நாடுகளிலும் இது சும்மா வரவில்லை. 2023-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை ஜெயித்த மேடையிலேயே அவர்கள் சங்கத் தலைவர் ஓர் ஆட்டக்காரிக்கு அவர் சம்மதம் இல்லாமல் முத்தம் கொடுத்தார். அந்தப் பெண்கள் சும்மா விடவில்லை, அந்த ஆட்டக்காரியோடு சேர்ந்து நின்றார்கள். தலைவர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அதே ஸ்பெயினில்தான் 2022-ல் பார்சிலோனா பெண்கள் ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தார்கள். எங்கே ஆடினார்கள் என்றால், ஆண்கள் ஆடும் கேம்ப் நூ அரங்கத்தில். மைதானத்தைத் திறந்துவிட்டார்கள், கூட்டம் வந்தது.

3 ஆகஸ்ட்

'ஜெர்சி விற்கிறவர், அதனால் பேசுகிறார்' என்று ஒருவர். ஆமாம், விற்கிறேன். பெண்கள் அணிக்கு ஜெர்சி அடிப்பதில் எனக்கு லாபம் உண்டு. கிரிக்கெட்டில் வருவதோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

முதுகில் என்ன பெயர் போடச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் பெயரும் நம்பரும் போதும் என்பார்கள். தன் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு நாலு பேர் முன்னால் ஓடக் கூச்சம். இந்த வருஷம் வந்த அணியில் எல்லாரும் பெயர் கேட்டார்கள். ஒருத்தியின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். 'பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போடுங்க, தூரத்திலிருந்து தெரியணும்' என்று கூடவே நின்று அச்சடிக்க வைத்துப் போனார்.

16 ஆகஸ்ட்

நேற்று ஊரில் இருந்தேன். ஆகஸ்ட் 15 எங்கள் பக்கம் சுதந்திர தினம் மட்டுமில்லை, மாதா விண்ணேற்புத் திருநாளும். பூசை முடிந்து மதியத்துக்கு மேல் ஊர்க் கோப்பைக்கான இறுதி ஆட்டம் வழக்கம். இந்த வருஷம் அதற்கு முன்னால் பெண் பிள்ளைகளுக்கு ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும். நேரம்? இரண்டே கால் மணி. அதுதான் நடக்கும் என்று தெரியும்.

ஆனாலும் திருநாள் என்பதால் ஊரே அங்கே இருந்தது. முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. விசில் வந்தது, நல்ல விசில் இல்லை. பந்து ஒரு பிள்ளையின் நெஞ்சில் பட்டபோது படகுப் பக்கம் உட்கார்ந்திருந்த பயல்கள் ஏதோ சொன்னார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பதினைந்து நிமிஷம் போயிருக்கும். எங்கள் பக்கத்து வலது விங்கில் ஓடிய பிள்ளை மூன்று பேரைத் தாண்டிப் போய், கோல் முன்னால் தனியாக நின்றவளுக்குக் கொடுக்காமல் தானே அடித்து வெளியே தள்ளிவிட்டாள். அப்போது என் பெரியப்பா மகன் எழுந்து நின்று கத்தினார்: "ஏட்டி, கண்ணு இல்லயா ஒனக்கு? அவ சும்மா நிக்காள்லா, குடுக்க வேண்டியதானே!" அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். கிழவர் ஒருவர் கம்பைத் தரையில் தட்டி, பின்வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "பேக்கு ஏறி வாங்கட்டி, ஏறி வா!" என்றார். ஆண் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் விழுகிற அதே திட்டு.

பாராட்டைவிட அந்தத் திட்டு எனக்குப் பெரிதாகப் பட்டது. பாவம் பார்க்கிறவன் திட்ட மாட்டான். அந்த நிமிஷத்திலிருந்து விசில் நின்றது. படகுப் பக்கத்துப் பயல்கள் கோட்டருகே வந்து நின்றார்கள்.

பக்கத்து ஊர் ஒரு கோலில் ஜெயித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு ஆஃப்சைடு என்று கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். இறுதி ஆட்டம் தாமதமானது. கமிட்டிக்காரர்களுக்குத் தலைவலி.

தங்கச்சி பெண்கள் கூட்டத்தோடு பந்தல் ஓரம் நின்றிருந்தாள். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வந்தபோது அந்த வலது விங் பிள்ளையைக் கூப்பிட்டாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. வலது காலை மணலில் ஊன்றி, இடதுகாலை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அந்தப் பிள்ளையும் செய்து பார்த்தது. தங்கச்சி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள். ஊர் முழுக்க அங்கேதான் நின்றது.

17 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: 'திருநாள் கூட்டம் கணக்கில் வராது, சாதாரண நாளில் வருவார்களா?' தெரிந்துகொள்ள ஒரே வழி, சாதாரண நாளில் நல்ல நேரத்தில் ஆட விடுவதுதான். டீச்சரும் நானும் அந்த பைக் பையன்களிடம் போய்ப் பேசினோம். பால் போடுகிறவன்தான் முதலில் சரி என்றான். இரண்டு நாள் கேட்டோம், ஒரு நாள் கிடைத்திருக்கிறது. வரும் ஞாயிறு நாலரையிலிருந்து ஆறரை வரை, இப்போதைக்கு ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். கழிப்பறைச் சாவிக்கு டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை.

21 ஆகஸ்ட்

மூன்று, நாலு நம்பர் பூட் ஆறு ஜோடி வந்திறங்கிவிட்டது. முக்கூடல் அம்மாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. யாராவது அந்தப் பக்கம் போனால் சொல்லுங்கள், ஐந்தாம் நம்பரைக் கொண்டு வந்து மாற்றிக்கொள்ளலாம், போட்டிருந்தாலும் பரவாயில்லை.